அரிதானவை எல்லாம் பெறுமதியானவை அல்ல

ரொறன்ரோவில் வசிக்கும் எனது மருமகன் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, தாம் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து, ஸ்பைடர்மான் சித்திரக்கதை இதழ் ஒன்றின் மாற்று அட்டைப் பதிப்பைக் கொள்வனவு செய்யப்போவதாகக் கூறினார். "நூறுக்கு ஒண்டுதான் வரும் மாமா. பத்து வருசத்தில இதின்ர விலை எங்கயோ போயிடும்" என்பது அவரது வாதம்.

வெளியூர்ப் பதிப்பு, நகரப் பதிப்பு என ஒரே நாளில் இரண்டு பதிப்புகளை அச்சிட்ட ஆசிரியபீடங்களில் காலத்தைக் கழித்தவன் நான். பழைய வெளியூர்ப் பதிப்பின் பிரதிகள் இன்று கிடைப்பது மிகவும் அரிது. ஆனால், அந்தக் காரணத்துக்காக எவரும் அதற்கு ஒரு ரூபா கூடுதலாகக் கொடுத்ததை நான் கண்டதில்லை. எனவே, அருமையும் பெறுமதியும் ஒன்றுதானா என்ற கேள்வி என்னுள் எழுந்தது. அமெரிக்கச் சித்திரக்கதைச் சந்தையின் வரலாறு இதற்குத் தெளிவான விடையைத் தருகின்றது.

1977ஆம் ஆண்டு மார்வெல் நிறுவனம் தனது இதழ்களின் விலையை 30 சதத்திலிருந்து 35 சதமாக உயர்த்தத் தீர்மானித்தது. நாடு முழுவதும் உயர்த்துவதற்கு முன்னர், ஒரு சில நகரங்களில் மாத்திரம் 35 சதத்துக்கு விற்றுப் பரீட்சித்துப் பார்த்தது. கதையும் சித்திரங்களும் ஒன்றே. அட்டையின் மூலையில் இருந்த விலை மாத்திரமே வேறு. அவ்வாறு வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' முதலாவது இதழில் சுமார் 1,500 பிரதிகளே அச்சிடப்பட்டதாக மதிப்பிடப்படுகின்றது. இன்று அதன் நல்ல பிரதியொன்று பல்லாயிரம் டொலருக்கு விலைபோகின்றது. அன்று அதனை வாங்கிய சிறுவர்கள் எவரும் தங்கள் கையில் அரிய பொருளொன்று இருப்பதை அறிந்திருக்கவில்லை. வாசித்தார்கள், மடித்தார்கள், எறிந்தார்கள். இப்படியொரு வேறுபாடு இருப்பதைச் சேகரிப்பாளர்கள் பரவலாக உணர்ந்ததே 1990களின் பிற்பகுதியில்தான்.

ஆனால், அதே 1977இல் அதே பரீட்சார்த்த முறையில் மார்வெலின் கௌபோய் கதைத் தொடர்களும் 35 சத விலையுடன் வெளிவந்தன என்பது கவனிக்கத்தக்கது. அவையும் அரிதானவையே. எனினும் அவற்றின் விலை, சேப்ரூத் என்ற பாத்திரம் முதன்முதலாகத் தோன்றிய 'அயர்ன் ஃபிஸ்ற்' 14ஆவது இதழின் 35 சதப் பிரதிக்கு அருகிலும் வரமாட்டாது. எண்ணிக்கைக் குறைவு இரண்டுக்கும் பொது. அந்தக் கதையைத் தேடுவோரின் தொகைதான் வேறு.

பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்ட பிரதிகளின் கதை இன்னும் விசித்திரமானது. அவையும் அமெரிக்காவிலேயே, அதே அச்சகத்தில் அச்சிடப்பட்டவை. சதத்துக்குப் பதிலாகப் பென்ஸ் விலை பொறிக்கப்பட்டிருந்தது. தொகையில் அவை மிகக் குறைவு. ஆயினும் சதப் பிரதிகளைவிட மலிவாகவே அவை பெரும்பாலும் விற்கப்படுகின்றன. பணம் கொடுப்போரில் பெரும்பான்மையினர் அமெரிக்கர்கள். அவர்களது பாலிய நினைவில் பென்ஸ் என்ற சொல்லுக்கு இடமில்லை. 35 சதப் பிரதியோ அவர்களது சொந்த வரிசையில் விழுந்த ஓர் இடைவெளி. அதை நிரப்பாமல் அவர்களால் உறங்க முடிவதில்லை.

மருமகன் வாழும் கனடாவிலும் உதாரணம் உண்டு. 1982 முதல் 1986 வரை கனடாவின் பத்திரிகைக் கடைகளுக்கென்று வேறு விலையுடன் இதழ்கள் அச்சிடப்பட்டன. அமெரிக்காவில் 60 சதம் என்றால் அங்கு 75 சதம். நெடுங்காலம் இவற்றை எவரும் தனியாகப் பொருட்படுத்தவில்லை. இன்று சேகரிப்பாளர்கள் தேடித் திரிகின்றார்கள். பிரதிகளின் எண்ணிக்கை ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. பார்க்கும் கண்கள்தான் மாறின.

இனி, திட்டமிட்டுப் படைக்கப்படும் அருமைக்கு வருவோம். 1991இல் 'எக்ஸ்-மென்' முதலாவது இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளுடன் வெளியாகி 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின. வாங்கியவர்களில் பலர் அதனை வாசிக்கவே இல்லை. பொலித்தீன் உறையில் இட்டுப் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பாதுகாத்த பொருளுக்கு எதிர்காலத்தில் தட்டுப்பாடு எங்கிருந்து வரும்? இன்றும் அதனைச் சில டொலருக்கு வாங்கலாம். சந்தை சரிந்தது, கடைகள் மூடப்பட்டன, மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

மருமகன் இதற்கும் பதில் வைத்திருந்தார். 2011இல் வெளியான 'அமேசிங் ஸ்பைடர்மான்' 667ஆவது இதழின் டெல்லொற்றோ வரைந்த அட்டை, நூறு பிரதிகளுக்கு ஒன்று என்ற முறையில் வந்து, பின்னர் ஆயிரக்கணக்கான டொலருக்கு உயர்ந்தது உண்மைதானே என்றார். உண்மைதான். ஆனால் அதனைப் பெறுமளவுக்குப் பிரதிகளைத் தருவித்த கடைகள் அப்போது மிகச் சிலவே. அதன்பின் அதே முறையில் வெளிவந்த எண்ணற்ற அட்டைகள், முதல் வாரம் கண்ட விலையை மீண்டும் கண்டதில்லை. மேலும், 'நூறுக்கு ஒன்று' என்பது அச்சிட்ட தொகை அன்று. நூறு பிரதிகளைத் தருவிக்கும் கடைக்காரருக்கு அதில் ஒன்றைப் பெறும் உரிமை உண்டு என்பதே அதன் பொருள். மொத்தம் எத்தனை அச்சிடப்பட்டன என்பதை வாங்குபவர் அறியார். விளம்பரத்தின் வார்த்தையையே அவர் விலைகொடுத்து வாங்குகின்றார்.

பெறுமதி என்பது அச்சகத்தில் உருவாவதில்லை. ஒரு கதையை நேசித்த ஒரு தலைமுறை, அதனைக் கவனமின்றித் தொலைத்துவிட்டுப் பின்னர் தேடத் தொடங்கும்போதே அது பிறக்கின்றது. தொலையாத பொருளையும், எவரும் நேசிக்காத பொருளையும் எத்தனை குறைவாக அச்சிட்டாலும் பயனில்லை.

மருமகனிடம் ஒன்றை மாத்திரமே கேட்டேன். "பத்து வருசத்துக்குப் பிறகு இதன் விலை ஒரு டொலர்தான் என்றாலும் இந்தப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பீரா?" மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. மாட்டி வைப்பதாக இருந்தால் தாராளமாக வாங்கட்டும். இல்லையேல், அந்தச் சேமிப்பு வங்கியிலேயே இருப்பது நல்லது.