ஆய்வுகூடமா, புடைவைக்கடையா?

களுபோவிலப் போதனா வைத்தியசாலையை அடுத்த ஒழுங்கை ஒன்றிலே மூன்று மாணவிகள் ஓர் அறையைப் பங்குபோட்டு வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி மலையகத் தோட்டமொன்றிலிருந்து விஞ்ஞானம் பயில வந்தவள். நீண்ட விடுமுறை ஒன்றின்முன் அவளுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, அவள் பயிலும் துறை வழங்க முன்வந்த விடுமுறைக்கால ஆராய்ச்சிப் புலமைப்பரிசில். கூரைப் பீலிகளிலும் வீசியெறிந்த கொள்கலன்களிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் பெருகும் விதத்தை ஆராய வேண்டும். மற்றது, முந்திய விடுமுறையில் அவள் வேலைசெய்த வெள்ளவத்தைப் புடைவைக்கடையில் மீண்டும் அதே வேலை.

அவள் புடைவைக்கடையைத் தெரிந்தெடுத்தாள்.

செய்தி அறிந்தபோது, ஆசிரியர் எவரும் செய்வதையே நானும் செய்தேன், உபதேசித்தேன். கடை எங்கும் ஓடிவிடாது, இத்தகைய வாய்ப்பு மீண்டும் வராது, அறிவை நேசிப்பவர்கள் சிறு கஷ்டங்களைப் பொருட்படுத்தலாகாது என்றெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "சேர், ரூம் வாடகையை ஒண்ணாந் தேதி கேக்குறாங்க. அறிக்கை குடுத்த பிறகுதான் காசுன்னு இவங்க கடிதத்தில போட்டிருக்கு."

என் உபதேசம் அத்துடன் முடிந்தது. அந்த உபதேசத்தை இன்றும் செய்துகொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மாணவர்கள் பணத்துக்கும் அறிவுக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள் என்று நாம் பேசுகிறோம். இது பொய். தெரிவு என்பது இரண்டு வழிகளிலும் நடக்கக்கூடியவனுக்கே உரியது. வீட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வரும் மாணவன் ஆராய்ச்சியை ஏற்கும்போது அவன் எதையும் இழப்பதில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய மாணவி அதையே ஏற்கும்போது, விடுமுறை முழுவதையும் பல்கலைக்கழகத்துக்குக் கடனாகக் கொடுக்கிறாள். ஏழை மாணவியிடம் கடன்வாங்கி நடத்தப்படும் ஆராய்ச்சிக்குப் பரிசில் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்!

மேதைகளின் வரலாற்றைக் காட்டி நம்மை மடக்க வருவோர் உண்டு. "இராமானுஜன் பட்டினி கிடந்து கணிதம் செய்யவில்லையா?" என்பார்கள். அந்த வரலாற்றையே சற்று நிதானமாகப் பார்ப்போம். 1912இல் இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்துக்கு எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமேதும் பெறாத அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது. எவ்வளவு? மாதம் 75 ரூபா! அலுவலகச் சம்பளத்தின் இரண்டரை மடங்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் அறிக்கை கொடுத்தார். பணமோ மாதக் கணக்கில் வகுக்கப்பட்டிருந்தது. அன்னிய ஆட்சியின்கீழ் இருந்த ஒரு பல்கலைக்கழகம், ஓர் ஏழை எழுதுவினைஞரை மேசையிலிருந்து விடுவிக்க அவருடைய சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்பதை விளங்கிக்கொண்டது. சுதந்திரம் பெற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நமக்கு அது விளங்கவில்லை. அவர் பட்டினி கிடந்த ஆண்டுகள் கணிதத்துக்குக் கிடைத்த இலாபம் அல்ல, நட்டம்.

இடதுசாரி நண்பர்களுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. 'மூலதனம்' முதற்பாகம் 1867இல் வெளிவந்தது. அதை எழுதிய மார்க்ஸ் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையில் உட்காரவேண்டுமாயின், எங்கெல்ஸ் மான்செஸ்டரில் ஒரு பஞ்சாலைக் கம்பனியின் அலுவலகத்தில் உட்காரவேண்டியிருந்தது. 1850 முதல் 1869 வரை, தாம் வெறுத்த அந்த வேலையைச் செய்து அவர் நண்பரின் குடும்பத்தைத் தாங்கினார். உழைப்பின் வரலாற்றை எழுதிய நூலுக்கும் யாரோ ஒருவர் கூலி கொடுக்கவேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. எங்கெல்ஸ் போன்ற நண்பர் ஒவ்வொரு மாணவிக்கும் வாய்ப்பதில்லை. அந்த நண்பனின் இடத்தில் நிற்கவேண்டியது சமுதாயமே.

நம்மவர்களிலேயே சிலர் வேறொரு வாதம் பேசுகிறார்கள். "கடையில் நின்றால் தொழிலாளர் வாழ்க்கையை அறிவாள், ஆராய்ச்சி மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு" என்பது அவர்கள் கட்சி. லயன் அறையிலே பிறந்து, தாய் கொழுந்து பறிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு உழைப்பாளர் வாழ்க்கையைக் கற்பிக்க வெள்ளவத்தை முதலாளி வேண்டுமா? அவளுக்கு அந்தப் பாடம் பிறப்பிலேயே கிடைத்துவிட்டது. அவளுக்குக் கிடையாதிருப்பது நுணுக்குக்காட்டி.

நட்டம் அவளுக்கு மட்டுமா? 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அவ்வாண்டு வைத்தியசாலைகளின் விறாந்தைகளிலும் படுக்கைகள் போடப்பட்டதை நாம் கண்டோம். நுளம்பு எங்கே பெருகுகிறது என்பதை, குழாய்நீர் வராத நாட்களில் வாளிகளிலும் பீப்பாய்களிலும் நீர் சேர்த்துவைப்பவள் அறிவாள். மாடிவீட்டில் வாழ்பவன் அறியான். எந்தக் கேள்வியை விஞ்ஞானம் கேட்கிறது என்பது, கேட்பவர் எங்கே வாழ்கிறார் என்பதையும் பொறுத்தது. வசதியுள்ளோர் மட்டுமே ஆய்வுகூடத்துள் நுழைய முடியுமாயின், ஏழையின் நோய் பற்றிய கேள்விகள் வாசலிலேயே நின்றுவிடும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா பெற்றுத்தந்த அந்த உரிமையை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அந்தத் தாமதத்தின் கடனையே இம்மாணவி இன்று அடைக்கிறாள். கல்விக்குக் கட்டணம் இல்லை என்பது மெய். கற்கும் காலத்தில் உண்பதற்கும் உறைவதற்கும் கட்டணம் உண்டே! 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை எட்டியபோது, மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவாகவே இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டந்தான் அதை 7,500 ஆக்க முன்வந்தது. விலைகள் பாய்ந்து சென்ற பாதையில் உதவி நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது. இடைவெளியை நிரப்பியது எது? புடைவைக்கடை, தனிப்பாட வகுப்பு, மோட்டார்சைக்கிளில் சோற்றுப்பொதி சுமக்கும் வேலை.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்குக் கால் வீதங்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடாத நாடு இது. செலவு செய்து களைத்துப்போனவன் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். செலவே செய்யாதவன் கேட்பது நகைப்புக்குரியது. அயலிலே இந்தியாவின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் கூடி நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்தில் மாணவருக்குக் கொடுப்பனவோடு பயணச் செலவும் வழங்கப்படுகிறது. விடுமுறை ஆராய்ச்சியும் வேலையே என்பதை ஏற்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை, நேர்மை வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை மிகச் சில. மாணவர் ஆராய்ச்சிக்கு வழங்கும் தொகை, அதே காலத்தில் அவர் கடையிலே பெறக்கூடிய சம்பளத்துக்குக் குறையலாகாது. அறிக்கைக்குப் பிறகு அல்ல, மாதத் தொடக்கத்தில் அது கையில் கிடைக்கவேண்டும். தெரிவின்போது புள்ளிகளோடு வீட்டின் நிலையும் கணக்கிலெடுக்கப்படவேண்டும். பரிசிலை மறுத்தவர் யார், ஏன் மறுத்தார் என்பதைத் துறைகள் கேட்டறியவேண்டும். இன்று அந்த மறுப்புகள் "மாணவருக்கு ஆர்வமில்லை" என்ற ஒரே வரியில் புதைக்கப்படுகின்றன.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்குப் போகவேண்டியிருந்தால் போங்கள்; அதற்காக வெட்கப்படாதீர்கள். ஆனால் மறுப்புக் கடிதத்தில் "தனிப்பட்ட காரணங்களால்" என்று மட்டும் எழுதாதீர்கள். அறை வாடகை இவ்வளவு, சாப்பாட்டுச் செலவு இவ்வளவு, நீங்கள் தருவது இவ்வளவு என்று எண்களிலே எழுதுங்கள். அத்தகைய நூறு கடிதங்கள் ஒரு பீடாதிபதியின் மேசையில் குவிந்தால், அதுவே இந்த நாட்டில் நடந்த மிகப் பயனுள்ள ஆராய்ச்சிகளுள் ஒன்றாகும்.

அந்த மாணவி விடுமுறை முழுவதும் காலி வீதிக் கடையில் சேலை மடித்தாள். குடம்பிகளை எண்ணும் வேலைக்கு அவ்வாண்டு வேறு எவரும் முன்வரவில்லை. மழை மட்டும் தவறாமல் வந்தது.