மெஷினே பாத்துக்கும்

முகச் சுருக்கத்தை நீக்கும் கருவிகளின் விளம்பரங்களில் இப்போது ஒரே பேச்சுதான். கருவி உங்கள் தோலின் தடிமனை உணர்ந்துகொள்ளும். அதற்கேற்ப வெப்பத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பயமே வேண்டாம். இதில் முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது சில கருவிகளுக்கு மட்டும் உண்மை. மூன்றாவது பொய். நான் சண்டை போட வந்திருப்பது அந்த மூன்றாவது வாக்கியத்தோடு.

நான் தோல் மருத்துவன் அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டுப் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். சென்சாரும் வெப்பமும்தான் என் அன்றாடச் சோறு. அதனால்தான் ‘ஆட்டோ’ என்ற சொல்லை எவராவது வாயில் மென்றுகொண்டு வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுவோம். தோலின் தடிமன் உண்மையான சிக்கல். கண்ணிமைத் தோல் அரை மில்லிமீட்டர் அளவுதான். முதுகுத் தோல் அதைப்போலப் பல மடங்கு. ஒரே வெப்பத்தை இரண்டிலும் செலுத்தினால் ஓரிடத்தில் ஒன்றும் நடக்காது, இன்னோரிடத்தில் வெந்துவிடும். நம் ஊரில் ‘ஹைஃபு’ என்று அழைக்கப்படும் ஒலி அலைக் கருவி, தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் ஒலியைக் குவித்து அந்த இடத்தை 60 பாகைக்கு மேல் சூடாக்குகிறது. 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என ஆழத்துக்கு ஒரு தலை மாட்டுவார்கள். கன்னம் ஒடுங்கிய ஒருத்திக்கு 4.5 மில்லிமீட்டரில் இருப்பதும், கன்னம் உப்பிய ஒருத்திக்கு அதே ஆழத்தில் இருப்பதும் ஒன்றல்ல. தாடையோரம் முகநரம்பின் கிளை ஓடுகிறது. 2009இல் புருவத்தை உயர்த்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்த அல்தெரபி கருவியில், சுடுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் பார்க்க முடியும். அது நல்ல பொறியியல். மலிவு விலையில் வரும் எத்தனையோ ஹைஃபுக்களில் அந்தத் திரை கிடையாது. தலையை மாட்டுகிறவரின் ஊகம்தான் அங்கே அளவுகோல்.

ரேடியோ அலைக் கருவிகளின் கதை வேறு. 2002இல் கண்ணோரச் சுருக்கங்களுக்கு அனுமதி பெற்ற தெர்மேஜின் புதிய வடிவம், ஒவ்வொரு முறை தொடும்போதும் அந்த இடத்தின் மின்தடையை அளந்து ஆற்றலைத் திருத்திக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் கவனியுங்கள், அது அளப்பது மின்தடையை. தடிமனை அல்ல. தோலில் நீர் எவ்வளவு, அடியில் கொழுப்பு எவ்வளவு, கருவியின் முனை எவ்வளவு அழுந்தியிருக்கிறது என எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. விற்பனை மேசைக்கு வருவதற்குள் அது ‘உங்கள் தோலின் தடிமனை அறிந்துகொள்ளும்’ என்று மாறிவிடுகிறது. இன்னும் இரண்டு மேசை தள்ளிப் போனால் ‘உங்களை அறிந்துகொள்ளும்’ என்று ஆகிவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளை ஓர் அடுப்புக்குள் அனுப்பி ஈயமில்லாப் பற்றுவைப்பை உருக்குவோம். 217 பாகையில் உருகத் தொடங்கும், 240, 250 வரை கொண்டுபோவோம். அந்த அடுப்பும் ஆட்டோதான். தன் வெப்பத்தைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்ளும். ஆனால் அது அளப்பது அடுப்புக் காற்றின் வெப்பத்தை. பலகையின் வெப்பம் வேறு. எனவே ஒவ்வொரு புது வகைப் பலகை வரும்போதும், அந்தப் பலகையின் மேலேயே வெப்பமானிக் கம்பிகளை ஒட்டி, அடுப்புக்குள் அனுப்பி, வரைபடம் எடுத்து, அதற்குப் பிறகுதான் உற்பத்தியைத் தொடங்குவோம். செம்பு கூடுதலாக உள்ள பலகை என்றால் முதலிலிருந்து மறுபடி. சில பத்து ரிங்கிட் பெறாத பச்சைப் பலகைக்கு இந்த மரியாதை. ஒரு பெண்ணின் கன்னத்துக்கு?

தானியங்கிக் கட்டுப்பாட்டைப் படித்த எவருக்கும் தெரியும். எது சேதமாகப் போகிறதோ அதை அளக்க வேண்டும். அளவு எல்லை தாண்டினால் நிற்க வேண்டும். நின்றதற்கும் நிற்காததற்கும் ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ‘ஆட்டோ’ வெறும் ஸ்டிக்கர்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் விஷயம் என்றால் நிறம்.

லேசரும் ஐ.பி.எல்.லும் ஒளிக் கருவிகள். ஒளி தோலுக்குள் இறங்குமுன் மேல்தோலில் மெலனின் காத்திருக்கிறது. கறுத்த தோலில் அது அதிகம். ஆழத்துக்குப் போக வேண்டிய ஆற்றலை அது வாசலிலேயே வாங்கிச் சூடாகிவிடும். 755 நானோமீட்டர் ஒளியை மெலனின் நிறைய உறிஞ்சும், 1064இல் குறைவாக உறிஞ்சும். அதனால்தான் கறுத்த தோலுக்கு 1064ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் தடிமன் எங்கே வருகிறது? என் சீனச் சக ஊழியருக்கும் எனக்கும் கன்னத் தோல் ஒரே தடிமன் என்று வைத்துக்கொள்வோம். தடிமனை மட்டும் பார்க்கும் கருவிக்கு நாங்கள் இருவரும் ஒரே ஆள். ஒளிக்கு அப்படி இல்லை. அவருக்குச் சிவக்கும் அளவில் எனக்குக் கொப்புளம் வரும்.

ரேடியோ அலையும் ஒலி அலையும் மெலனினைத் தேடிப் போவதில்லை, உண்மைதான். ‘எல்லா நிறத்துக்கும் ஏற்றது’ என்று அவற்றை விற்பது இதை வைத்துத்தான். ஆனால் சூடு அளவு மீறினால் கறுத்த தோல் அந்தக் காயத்தைக் கரும்படலமாக மாதக்கணக்கில் நினைவு வைத்திருக்கும். வெளுத்த தோலில் சில நாளில் மறையும் தவறு, நம் தோலில் தீபாவளி வரை நிற்கும்.

கருவிகளின் திரையில் ஒன்று முதல் ஆறு வரை தோல் வகை கேட்கும், பார்த்திருப்பீர்கள். ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் உருவாக்கிய அளவுகோல் அது. புற ஊதாக் கதிர்ச் சிகிச்சைக்கு அளவு நிர்ணயிக்க, வெள்ளைத் தோலர்களிடம் ‘வெயிலில் சிவப்பீர்களா, பழுப்பாவீர்களா’ என்று கேட்டுப் பிரித்த வகைகள். பழுப்புக்கும் கறுப்புக்கும் இடம் பிறகுதான் கடைசியில் ஒட்டப்பட்டது. மாநிறம் முதல் அட்டைக் கறுப்பு வரை நம் ஆட்கள் பெரும்பாலோர் அந்தக் கடைசி மூன்று கட்டங்களுக்குள் நெருக்கியடித்து நிற்கிறோம், பள்ளிப் பேருந்தில் நிற்பதுபோல.

கருவி அப்படியெல்லாம் ஏமாற்றுமா என்று கேட்பவர்கள், கோவிட் காலத்தில் எல்லாரும் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒளியால் அளப்பதுதான். ரத்தத்தில் உயிர்வளி குறைந்திருந்தும் கருவி ‘நலம்’ என்று காட்டிய நிகழ்வுகள், வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என 2020இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. மருத்துவமனைக் கருவிக்கே இந்தக் கதி என்றால் மாடிப்படி ஏறிப்போகும் அழகு நிலையத்துக் கருவிக்கு?

என் பெரியம்மா மகள் அப்படியொரு நிலையத்துக்குத்தான் போனார். பத்து முறைக்குப் பேக்கேஜ், தவணைக் கட்டணம். மூன்றாவது முறைக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் பட்டை பட்டையாகக் கறுத்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: “மெஷின் ஆட்டோக்கா. செட்டிங்க நாங்க தொடவே இல்ல. உங்க ஸ்கின்தான் அப்படி.”

இந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விற்கும்வரை ‘ஆட்டோ’ ஆறுதல். சுட்டபிறகு அதுவே வக்கீல். கருவியைச் செய்தவன் ‘பயிற்சி இல்லாதவர் பயன்படுத்தினார்’ என்பான். பயன்படுத்தியவள் ‘மெஷினே பாத்துக்கிச்சு’ என்பாள். மீதி இருப்பது தோல் மட்டும், குற்றம் அதன் தலையில். கறுப்பாய்ப் பிறந்ததற்கு ஏற்கெனவே வாங்கும் பேச்சு போதாதென்று, வெந்ததற்கும் கறுப்பே காரணம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மலேசியாவில் இந்தக் கருவிகளைக் கையாள வேண்டியவர் பதிவு பெற்ற மருத்துவர். அழகியல் சிகிச்சைக்கென எல்.சி.பி. என்ற சான்றும் வைத்திருக்க வேண்டும். இடத்துக்கு 1998ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ வசதிகள் சட்டம். கருவிக்கு 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டம். 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ.யும், ஊசியோடு ரேடியோ அலை செலுத்தும் கருவிகளால் தீக்காயம், தழும்பு, நரம்புச் சேதம் நேர்வதைச் சொல்லி எச்சரித்தது. அது மருத்துவச் சிகிச்சை, வெறும் அழகுச் சேவை அல்ல என்றும் சொன்னது. ‘மெஷினே பாத்துக்கும்’ என்ற வாக்கியம் உடைப்பது இந்த வேலியைத்தான். மெஷினே பாத்துக்கும் என்றால் மருத்துவர் எதற்கு?

பெண்கள் அழகாக இருக்க ஆசைப்படுவதில் உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று சிலர் கேட்பார்கள். ஒன்றுமில்லைங்க. ஐம்பது வயதில் கண்ணோரச் சுருக்கம் போகணும்னு ஒருவர் நினைத்தால் அது அவர் காசு, அவர் முகம். நான் கேட்பது அந்தக் காசுக்கு உரிய பொறியியலை. நல்ல மருத்துவர் முதலில் காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார், காத்திருப்பார், வேண்டாம் என்று திருப்பியும் அனுப்புவார். மெலனினை அளக்கும் மீட்டரும் உலகத்தில் இல்லாத பொருள் அல்ல. இதெல்லாம் நேரம் பிடிக்கும், காசு பிடிக்கும். ‘ஆட்டோ’ என்ற சொல் மிச்சப்படுத்துவது இந்த நேரத்தையும் காசையும்தான். மிச்சம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

நம் எழுத்தாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கறுப்பு நிறத்தின் அரசியல் பற்றி மேடையில் பேசாத ஆள் நம்மிடம் இல்லை. கவிதையில் கறுப்பு அழகு, கதையில் கறுப்பு வலி. ஆனால் அந்த அரசியல் இன்று ஒரு கருவியின் திரையில் ஐந்தாவது கட்டமாக, ஆறாவது கட்டமாக, எவரும் சோதித்துப் பார்க்காத ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே போய்ப் பார்க்க ஆளில்லை. நம் பத்திரிகைகளோ ஒரு பக்கத்தில் நிறவெறிக்கு எதிரான கட்டுரையும் மறுபக்கத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் விளம்பரமும் போட்டு இரண்டுக்கும் நடுவே நிம்மதியாகத் தூங்குகின்றன. தடிமனை அளக்க வேண்டிய தோல் இவர்களுடையது.

சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. தோலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று ஒரு கருவியை விற்றால், எதை அளந்து திருத்துகிறது, எந்தெந்த நிறத் தோலில் எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்பதை அதே விளம்பரத்தில் அதே எழுத்தளவில் போட வேண்டும். அதுவரை, அந்த மேசைக்கு முன்னால் உட்காரும் அக்காக்கள் மூன்றே கேள்வி கேட்டால் போதும். இது என் தோலில் எதை அளக்குது? என் நிறத்துல இதுக்கு முன்னாடி யாருக்குச் செஞ்சீங்க? வெந்துபோனா எந்த டாக்டர் பேர்ல கையெழுத்து இருக்கு?

மூன்றுக்கும் பதிலாக மெஷினைக் காட்டினால், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.