கடைசிப் பக்கத்தை முதல்ல எழுதுங்க

நம்ம எல்லாருக்கும் இன்டெக்ஸ்னா ஒண்ணுதான் தெரியும். ரெக்கார்ட் நோட்டோட முதல் பக்கம். வரிசை எண், தேதி, எக்ஸ்பெரிமென்ட் பேரு, பக்க எண், மார்க், சார் கையெழுத்து. ஆறாம் வகுப்பிலிருந்து அதைத்தான் இன்டெக்ஸ்னு சொல்லி வளர்ந்திருக்கோம். உண்மையில் அது பொருளடக்கம். இன்டெக்ஸ் என்பது புத்தகத்தோட கடைசியில் அகர வரிசையில் வரும் பட்டியல். எந்தச் சொல், எந்தப் பெயர், எந்த விஷயம் எங்கெங்கே வருதுன்னு காட்டுவது. தமிழில் பொருளடைவு, சொல்லடைவு என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கு. லைப்ரரியில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தை எடுத்து நேரா பின்பக்கத்துக்குப் போறவங்களுக்குத் தெரியும், அந்தப் பத்துப் பக்கம் இல்லேன்னா மீதி எண்ணூறு பக்கம் வெறும் எடைதான்.

இதை இப்போ ஏன் எழுதுறேன்னா, நம்ம தமிழ் மன்றம் சார்பா முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கையேடு தயாராகுது. மெக்கானிக்கல், சிவில், மின்னியல், மின்னணுவியல், கம்ப்யூட்டர் சயின்ஸ். அஞ்சு டிபார்ட்மென்ட், அஞ்சு குழு, அஞ்சு கூகுள் டாக். வேலை நல்லாவே நடக்குது. ஆனா "அஞ்சுக்கும் சேர்த்து ஒரே பொருளடைவு வேணும்"னு சொன்னா இரண்டு பதில் வருது. ஒண்ணு, "எல்லாம் முடியட்டும், கடைசியா பாத்துக்கலாம்." இன்னொண்ணு, "பிடிஎஃப் தானே, கன்ட்ரோல் எஃப் போட்டா போதும்." இரண்டுமே சரியில்லைங்கிறது என் கருத்து.

முதல்ல இந்தக் கையேடு யாருக்குன்னு பார்க்கணும். 2021-ல் வந்த சட்டப்படி, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம் இடம் முன்னுரிமையா ஒதுக்கப்படுது. அப்படி வர்ற தம்பி, தங்கச்சிகளில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். அவங்களுக்கு இயற்பியல் தெரியாம இல்லை. தகைவு தெரியும், திரிபு தெரியும், திருப்பு விசை தெரியும், மின்தேக்கி தெரியும். வகுப்பில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின், டார்க், கெப்பாசிட்டர்னு காதில் விழும்போது, தெரிஞ்ச விஷயமே தெரியாத மாதிரி ஆகிடுது. எனக்கு இது தலைகீழ். இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால், திருப்பு விசைன்னா என்னன்னு கையேடு வேலையில்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆக, இந்தப் புத்தகத்தை அந்தத் தம்பி முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கப்போறதில்லை. ஒரு சொல்லோட வருவான். அவன் கொண்டு வர்ற சொல் எதுவா இருந்தாலும் உள்ளே விடுற வாசல் பொருளடைவு மட்டும்தான். "தகைவு — காண்க: ஸ்ட்ரெஸ்" என்ற ஒரு வரி அவனுக்கு ஒரு வார வகுப்பு.

சரி, கன்ட்ரோல் எஃப். ஆங்கிலத்தில் அது ஓரளவு வேலை செய்யும். தமிழில் செய்யாது. நம்ம ஊர்ப் பேரையே எடுத்துக்கோங்க. "தண்டலம்"னு தேடினா "தண்டலத்தில்", "தண்டலத்துக்கு", "தண்டலத்திலிருந்து" எதுவும் சிக்காது. கடைசி ம் போய் த்து வந்துடுதே! அதே கதைதான் உந்தம், உந்தத்தை, ஆறு, ஆற்றில், காடு, காட்டில். கெட்டிக்காரத்தனமா "தண்டல"ன்னு பாதியில் நிறுத்தித் தேடலாம். எல்லாச் சொல்லுக்கும் அந்த வெட்டு எங்கேன்னு முதலாண்டு மாணவன் யோசிச்சிட்டு இருப்பானா?

பக்கத்து ஊர் இன்னும் மோசம். ஸ்ரீபெரும்புதூர். இதில் வர்ற ஸ்ரீயை யூனிகோடில் இரண்டு விதமா அடிக்கலாம். ஒண்ணு ஸ-வில் தொடங்கும், இன்னொண்ணு ஶ-வில் தொடங்கும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு வேற சொல். இதற்கு மேல் திருப்பெரும்புதூர்னு எழுதுறவங்க தனி. ஒரே ஊர், மூணு சரம். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்களைப் பற்றி பேசவே வேண்டாம். அதில் தேடுறதும் சுவத்துல முட்டிக்கிறதும் ஒண்ணு.

தேடல் செய்ய முடியாத இன்னொரு வேலை இருக்கு. அதுதான் முக்கியம். அஞ்சு ஆவணத்தையும் ஒண்ணா வச்சு "கோர்"னு தேடிப் பாருங்க. மின்னியல்காரங்களுக்கு அது டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கும் இரும்பு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பிராசஸரில் ஒரு பகுதி. மெக்கானிக்கலுக்கு வார்ப்படத்தில் உள்ளே குழிவு வர்றதுக்காக வைக்கிற மணல் கட்டி. "பஸ்"ஸும் அப்படித்தான், "ஃபைல்" கேட்கவே வேண்டாம். ஒருத்தருக்கு அரம், ஒருத்தருக்கு டாட் டாக்ஸ். தனித்தனிப் புத்தகமா இருந்தவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. ஒரே பொருளடைவில் சேர்க்கும்போதுதான் "கோர் (டிரான்ஸ்ஃபார்மர்)", "கோர் (பிராசஸர்)", "கோர் (வார்ப்படம்)" என்று யாராவது உட்கார்ந்து பிரிக்கணும். இதற்கு நேர் எதிரா, மெக்கானிக்கல் குழு "பிசிறு"ன்னும் சிவில் குழு "பர்"ருன்னும் ஒரே பொருளைச் சொல்லியிருந்தா சேர்க்கணும். பிரிப்பதும் சேர்ப்பதும் தீர்ப்பு. அதை ஒரு மென்பொருள் செய்யாது. அஞ்சு பேர் தனித்தனியா செய்தாலும் வராது.

அடுத்த ஆட்சேபம், "இவ்வளவு பெரிய வேலையை யாரு செய்வா?" செய்திருக்காங்க, நம்ம தமிழுக்கே செய்திருக்காங்க. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசையின் முதல் தொகுதி 1890-ல் வந்தது. அதற்குப் பிறகு பத்துப் பத்து ஆண்டுகளா தொகுதி மேல் தொகுதி, பதிப்பாசிரியர் மாறி மாறி. போதாததுக்கு எபிகிராபியா இன்டிகா தனி, புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் தனி. ஒரு சோழர் கால அதிகாரி பேரு எங்கெங்கே வருதுன்னு பார்க்கணும்னா அத்தனையும் புரட்டணும். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூணு பேரும் சேர்ந்து, அச்சில் வந்திருந்த சோழர் கல்வெட்டுகளில் உள்ள ஆட்பெயர்களையெல்லாம் கணினி உதவியோடு ஒரே அடைவாக்கி 1978-ல் மதுரையில் மூணு தொகுதியா வெளியிட்டாங்க. 1978! பெர்சனல் கம்ப்யூட்டர் இன்னும் பரவலாகாத காலம்.

நமக்கு அதில் கத்துக்க வேண்டியது கணினி இல்லை. ஒரு சோழர் காலப் பெயர் சும்மா ஒரு பெயர் கிடையாது. ஊர்ப் பேரு, "உடையான்" என்ற சொல், "மூவேந்தவேளான்" மாதிரி அரசன் கொடுத்த பட்டம், எல்லாம் சேர்ந்து ஒரே நீளமா இருக்கும். இதை எங்கே வெட்டுறது, எதைத் தலைச்சொல்லா வைக்கிறது, ஒரே ஆளா இரண்டு ஆளா? இந்த விதியெல்லாம் முடிவு பண்ணாம தகவல் ஏற்றவே முடியாது. பேர்கள் ஒரே இடத்தில் வரிசையா நின்ன பிறகு, எந்தப் பட்டம் எந்த மன்னர் காலத்தில் அதிகம், எந்தப் பகுதியில் யார் கையில் நிலம் இருந்ததுன்னு கேட்க முடிஞ்சுது. சிதறிக் கிடந்தவரை அந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

பக்க எண் பற்றி ஒரு எச்சரிக்கை. காந்தியின் எழுத்துகள் மொத்தம் 100 தொகுதிகள், 1958-ல் தொடங்கி 1994-ல் முடிந்தது. அதில் 98-ஆவது முழுக்கப் பொருளடைவு, 99-ஆவது முழுக்க ஆட்பெயர் அடைவு. இரண்டு கொழுத்த புத்தகம் வெறும் இன்டெக்ஸ்! பிறகு 2000-ஐ ஒட்டி ஒரு திருத்திய பதிப்பு வந்தது. பின்னாடி கிடைத்த கடிதங்களுக்காக வெளியிட்ட துணைத் தொகுதிகளைக் கலைத்து, தேதி வாரியா நடுநடுவே செருகிட்டாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அதோட தொகுதி எண், பக்க எண் எல்லாம் நகர்ந்துபோச்சு. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பழைய எண்ணை வச்சு எழுதிய அடிக்குறிப்புகள் புதிய பதிப்பில் பொருந்தலை. சில பகுதிகள் விடுபட்டதும், முன்னுரைகள் இல்லாததும் தெரிய வந்து ஆய்வாளர்கள் போராடி, 2005-ல் அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கம் போட்ட புத்தகத்துக்கே இந்த நிலைமைன்னா, வாரம் ஒரு முறை யாராவது படம் செருகுற நம்ம கூகுள் டாக் எம்மாத்திரம்?

அதனால என் யோசனை, பக்க எண்ணையே விட்டுடலாம். மெ 4.2, மி 3.1, சி 2.5 மாதிரி டிபார்ட்மென்ட் எழுத்தும் பிரிவு எண்ணும் போதும். நடுவில் பத்துப் பக்கம் கூடினாலும் மெ 4.2 அங்கேயே நிற்கும். போனில் படிக்கிறவனுக்கும் பிரிண்ட் எடுக்கிறவனுக்கும் ஒரே எண்.

கருவி இருக்கான்னு கேட்டா, இருக்கு. கூகுள் டாக்ஸில் பின்பக்க இன்டெக்ஸ் வசதி கிடையாது, ஆனா வேர்டில் ஆர்டி ஃபீல்ட்னு ஒண்ணு உண்டு. தனித்தனி ஃபைல்களில் குறித்து வைத்த சொற்களை ஒரே ஃபைலில் திரட்டும். லேடெக் தெரிஞ்சவங்க மேக்இன்டெக்ஸுக்கு அஞ்சு ஐடிஎக்ஸ் ஃபைலையும் ஒரே கட்டளையில் கொடுக்கலாம். இது அரை நாள் வேலை. சிக்கல் அகர வரிசையில்தான். பைத்தானில் சாதாரணமா சார்ட் பண்ணினா யூனிகோட் எண்ணின் வரிசையில் வரும். அந்த வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ. மெய்யெழுத்து உயிர்மெய்க்கெல்லாம் பின்னாடி போயிடும். அதாவது "கலவை"க்கு முன்னாடி "கற்றை" நிற்கும், "அச்சு"க்கு முன்னாடி "அசைவு" நிற்கும். அகராதி புரட்டிப் பழகிய பையன் சரியான இடத்தில் தேடி, இல்லைன்னு மூடிட்டுப் போயிடுவான். தமிழுக்கான வரிசை விதி ஐசியூ நூலகத்தில் ஏற்கனவே இருக்கு, அதைக் கூப்பிட்டா முடிஞ்சுது. அதற்கு முன்னாடி எல்லா உரையையும் ஒருமுறை நார்மலைஸ் பண்ணணும். ஏன்னா "கொ"வையே ஒருத்தர் ஒரே குறியா அடிச்சிருப்பார், இன்னொருத்தர் ஒற்றைக்கொம்பும் காலுமா இரண்டா அடிச்சிருப்பார்.

கருவியைவிட எனக்குக் கவலை "காண்க". மெக்கானிக்கல் டாக்கில் "தகைவு — காண்க: ஸ்ட்ரெஸ்". சிவில் டாக்கில் "ஸ்ட்ரெஸ் — காண்க: தகைவு". தனித்தனியா இரண்டும் சரி. சேர்த்தா? தாலுகா ஆபீஸில் மூணாம் கவுன்ட்டர் அஞ்சுக்கு அனுப்பி, அஞ்சு மூணுக்கு அனுப்புற கதை. அதனால்தான் சொல்றேன், சேர்க்கிற வேலை கடைசியில் இல்லை. எந்தச் சொல் தலைச்சொல், எது "காண்க"ன்னு ஒரே பட்டியல் முதல்ல இருக்கணும். என் ஓட்டு, வகுப்பில் காதில் விழும் சொல் தலைச்சொல். பள்ளிப் புத்தகச் சொல்லும் பட்டறைச் சொல்லும் அதற்கு வழிகாட்டும் சொற்கள். தமிழ் மன்றத்திலேயே இதற்கு எதிர்ப்பு இருக்கு, தமிழ்ச் சொல்தான் தலையில் நிற்கணும்னு. அவங்க சொல்றதிலும் நியாயம் இருக்கு. 2010-லேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கலைத் தமிழ் வழியில் தொடங்கியாச்சு, நாம் ஏன் ஆங்கிலத்துக்குத் தலைமை கொடுக்கணும்னு கேட்கிறாங்க. எதை வேணா முடிவு பண்ணுங்க. ஆனா அஞ்சு டாக்கிலும் ஒரே முடிவா இருக்கட்டும்.

பட்டறைச் சொல்னு சும்மா சொல்லலை. இங்கிருந்து ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் இன்பிளான்ட் டிரெயினிங் போனவங்களுக்குத் தெரியும். ஒரு சிஎன்சி மெஷினுக்கு ஆப்பரேஷன் மேனுவல் தனி, மெயின்டனன்ஸ் தனி, பாராமீட்டர் தனி, எலக்ட்ரிக்கல் டிராயிங் தனி. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி தனித்தனி இன்டெக்ஸ் இருக்கும், நாலுக்கும் சேர்த்து இருக்காது. நைட் ஷிஃப்டில் அலாரம் வந்தா, எந்தப் புத்தகத்தில் தொடங்கணும்னு தெரிஞ்ச ஒரு சீனியர் டெக்னீஷியன்தான் அந்த லைனுக்கே பொருளடைவு. அவர் லீவுன்னா போன் பறக்கும். நான் போன இடத்தில் ஒரு அண்ணன் குயர் நோட்டில் தன் கையெழுத்தில் அலாரம் எண், எந்த மேனுவல், எந்த அத்தியாயம்னு எழுதி வச்சிருந்தார். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், அகர வரிசை கிடையாது. ஆனா அந்த ஷிஃப்டில் அதைத்தான் முதல்ல எடுப்பாங்க.

நம்ம கையேட்டுக்கு இப்போ ஒரு பொதுச் சொல் ஷீட் திறந்திருக்கோம். நாலு பத்தி: தலைச்சொல், வேறு பெயர்கள், டிபார்ட்மென்ட், பிரிவு எண். மெக்கானிக்கல், மின்னியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணு பேரும் ஏற்றத் தொடங்கிட்டாங்க. மின்னணுவியல் பாதி. சிவில் நண்பர்களே, உங்க பக்கம் இன்னும் காலியா இருக்கு. ஸ்ட்ரெஸ் யாருக்குன்னு உங்களோட உட்கார்ந்து பேசணும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிஞ்சு லைப்ரரி மாடிக்கு வாங்க.