தரை யார் வேலை?

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ரோபோ வேக்யூம் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, மெயின் பிரஷ்ஷைச் சுத்தம் பண்ணச் சொல்லி மூன்றாவது தடவையாகக் கத்திக்கொண்டிருந்தது. நான் காபியும் கையுமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பத்து மாதப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து அதை வெளியே இழுத்து, கவிழ்த்துப் போட்டு, பிரஷ்ஷில் சுற்றியிருந்த முடியைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இதை வாங்கினதுல உனக்கு லீவு கிடைச்சுது. எனக்கு மூணாவது குழந்தை கிடைச்சுது."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் விஷயம் உண்மைதான். எங்கள் வீட்டில் சமையலும் துணியும் பெரும்பாலும் அவள் பக்கம், தரை என் பக்கம். வாரம் இரண்டு தடவை வேக்யூம் போடுவது, சமையலறையை மாப் பண்ணுவது எல்லாம் கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. ரோபோ வந்ததும் என் வேலையை அதுக்குக் கொடுத்துவிட்டேன். ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாருக்கு என்று யாரும் பேசவே இல்லை. வீட்டில் பேசாமல் விட்ட வேலை எல்லாம் யாரிடம் போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, டேட்டா எடுத்துப் பார்ப்போம் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். ஒரு வாரம், ரோபோவுக்காக யார் எதைச் செய்தாலும் பேரோடு எழுத வேண்டும். டேங்கில் தண்ணீர் ஊற்றினாலும் சரி, தரையில் கிடந்த சாக்ஸைப் பொறுக்கினாலும் சரி. வார முடிவில் 19 வரிகள். மனைவி 14, எட்டு வயது மகள் 3, நான் 2. என் இரண்டில் ஒன்று, ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஆப்பில் 'ஸ்டார்ட்' அமுக்கியது.

இது நம் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-ல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வாஷிங் மெஷின், வேக்யூம், கேஸ் அடுப்பு எல்லாம் வந்த பிறகும் அம்மாக்களின் வேலை நேரம் நாம் நினைக்கிற மாதிரி குறையவில்லை என்பதுதான் அதில் அவர் சொன்னது. கார்பெட்டை வெளியே தூக்கிப்போய் அடித்துத் தூசி தட்டுவது முன்பு ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த வேலை. மெஷின் வந்ததும் அவர்கள் விலகிக்கொண்டார்கள், மெஷினைத் தள்ளுவது அம்மா வேலை ஆகிவிட்டது. முதல் ரூம்பா விற்பனைக்கு வந்தது 2002-ல்தான். கோவன் எழுதினது அதற்கு 19 வருஷம் முன்னாடி. ஆனால் எங்கள் ஃபிரிட்ஜ் தாளைப் பார்த்துவிட்டு எழுதின மாதிரியே இருக்கிறது.

அதனால் முடிவு எடுத்தோம். ஆபீசில் 'ஆன்-கால்' பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு சிஸ்டம் ஓடினால் அதுக்கு ஒரு ஓனர் இருக்கணும். ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் யார் எழுந்திருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். எங்கள் வீட்டு ரோபோவுக்கு இனிமேல் ஆன்-கால் நான். பத்து வாரமாகப் பார்த்து வருவதில் கற்றுக்கொண்டதைக் கீழே எழுதுகிறேன். எங்களுடையது பெருக்கி, துடைத்து, டாக்குக்குத் திரும்பி வந்து தானே மாப் பேடைக் கழுவுகிற ரகம். சாதாரண ரகம் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் விஷயம் முடி. நம் வீடுகளில் நீள முடி, அதில் தேங்காய் எண்ணெய். எண்ணெய் முடி பிரஷ்ஷில் தூசியோடு சேர்ந்து கயிறு மாதிரி இறுகும். பிரஷ்ஷின் நடுவில் தெரிகிற முடியை வெட்டினால் மட்டும் போதாது. இரண்டு முனையிலும் இருக்கும் மூடியைக் கழற்றிப் பாருங்கள், நிஜமான சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படியே விட்டால் பிரஷ் சுற்றத் திணறும், மோட்டாருக்குப் பளு கூடும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தையும் இழுத்தால் வெளியே வந்துவிடும். அதன் அச்சிலும் முடி இருக்கும். ரோபோ தரையில் கோடு போடுகிறது, நேராகப் போகாமல் இழுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வாரம் ஒரு தடவை, ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாவது ஃபில்டர். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டி விளிம்பில் தட்டுங்கள். தண்ணீரில் கழுவலாமா என்று மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில ஃபில்டர்கள் கழுவவே கூடாது. கழுவக்கூடியதாக இருந்தாலும் முழுசாக 24 மணி நேரம் காயவிட்டுத்தான் திரும்ப மாட்டணும். ஈர ஃபில்டரில் தூசி சேறாகி அடைத்துக்கொள்ளும், வாடையும் வரும். இரண்டு மூன்று மாதத்தில் புதுசு போட்டுவிடுவது நல்லது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை டெக்சாஸில் சீடார் மகரந்தம் பறக்கிற காலம், வீட்டில் தும்மல் கச்சேரி. அந்த மாதங்களில் நான் வாரம் இரண்டு தடவை தட்டுகிறேன். பிள்ளைக்கு ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் தூசி டப்பாவைக் கொட்டும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது சென்சார். ரோபோவின் அடியில் விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும். அதிலிருந்து இன்ஃப்ராரெட் ஒளி தரையில் பட்டுத் திரும்பி வரும். வராவிட்டால் கீழே படிக்கட்டு, விழுந்துவிடுவோம் என்று ரோபோ நின்றுவிடும். அந்த ஜன்னலில் தூசி படிந்தாலும் அதே பயம்தான். கறுப்பு ரக் மேல் போகாமல் அடம் பிடிப்பதும் இதனால்தான், கறுப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. எங்கள் வீட்டு ரோபோ பழுது என்று நினைத்து ரிட்டர்ன் பண்ண இருந்தேன். உலர்ந்த துணியால் ஒரு துடை துடைத்ததும் சரியாகிவிட்டது. சார்ஜ் ஆகும் உலோகத் தகடுகளையும் அதே துணியால் துடைத்துவிடுங்கள்.

நான்காவதுதான் பெரிய விஷயம், மாப். தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில் இதில் அலட்சியம் கூடாது. நேற்றைய அழுக்கோடு ஈரமாகக் கிடந்த பேட் இன்று தரையைத் துடைக்கவில்லை, அழுக்கைப் பூசுகிறது. அதே தரையில்தான் பையன் தவழ்ந்துவிட்டு அந்தக் கையை வாயில் வைக்கிறான். டாக் தானே கழுவினாலும் வாரம் ஒருமுறை பேடைக் கழற்றி சோப்பு போட்டு அலசிக் காய வையுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், அப்புறம் பேட் தண்ணீரை உறிஞ்சாது. அழுக்குத் தண்ணீர் டேங்கை ஓடின அன்றே கொட்டிவிடணும். டாக்கின் அடித்தட்டில் சேரும் கசடை யாரும் பார்க்கமாட்டார்கள். நாற்றம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

போன மார்கழியில் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தார். வெறும் தண்ணீரில் தரை துடைக்கிறதைப் பார்க்க அவருக்கு மனசு ஆறவில்லை. "என்னடா இது, ஒரு வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று, இந்தியன் கடையில் வாங்கின தரை கழுவும் திரவத்தை டேங்கில் இரண்டு மூடி ஊற்றிவிட்டார். நுரை பொங்கி டாக்கைத் தாண்டி வழிந்தது. ரோபோவின் பம்பும் குழாயும் மெல்லிசு. டெட்டால், பினாயில், பிளீச் எதுவும் அதுக்கு ஆகாது. கம்பெனி சொன்ன திரவம் இருந்தால் சொன்ன அளவு, இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். அவ்வளவுதான்.

அதே மார்கழியில் அம்மா வாசலில் தினமும் கோலம் போட்டார். தெருவே நின்று பார்த்தது. காலில் ஒட்டிய அரிசி மாவு உள்ளே வந்து, காய்ந்த மாவு ஃபில்டரை அடைத்தது, மீதி மாப் ஈரத்தில் பசையாகிச் சக்கரத்தில் காய்ந்தது. யார் உட்கார்ந்து சுரண்டியது என்று கேட்காதீர்கள். கோலத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா? ஆப்பில் இருக்கும் மேப்பில் வாசலுக்கு உள்ளே நாலடி இடத்தை 'நோ-கோ' என்று கட்டம் போட்டுவிட்டேன். அந்த இடத்துக்கு மட்டும் துடைப்பம். நீள முடி கார்பெட்டுக்கும் இதே வழிதான், அங்கே 'நோ-மாப்' கட்டம்.

அம்மா சொன்னதில் இன்னொன்றை அப்படியே எடுத்துக்கொண்டோம். ராத்திரி எட்டு மணிக்கு ஓடுகிற மாதிரி நான் செட் பண்ணியிருந்தேன். "விளக்கு வெச்ச அப்புறம் வீடு பெருக்குவாங்களாடா?" என்றார். காலை பத்தரைக்கு மாற்றினேன். லட்சுமி இருக்கிறாளோ இல்லையோ, ரோபோவுக்கு நல்லதாகப் போயிற்று. கேமராவை வைத்து வழி பார்க்கிற ரோபோக்கள் இருட்டில் தடுமாறும். லேசரைச் சுழற்றி அளக்கிற லைடார் ரகத்துக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. இருட்டில் அம்மா கால் தடுக்கி விழாமல் இருப்பதும் முக்கியம் இல்லையா?

கேமரா என்றதும் பெற்றோராக ஒன்று சொல்லியே ஆகணும். 2024 மே மாதத்தில் எக்கோவாக்ஸ் கம்பெனியின் டீபாட் எக்ஸ்2 ரோபோக்கள் சிலவற்றுக்குள் வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். மின்னசோட்டாவில் ஒரு வீட்டில் குடும்பம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது ரோபோவின் ஸ்பீக்கரிலிருந்து இனவெறி வசை. நம் டெக்சாஸின் எல் பாசோவிலும் இப்படி நடந்தது. ஆஸ்திரேலியாவின் ஏபிசி அந்த அக்டோபரில் இதை வெளிக்கொண்டு வந்தது. வேறெங்கோ திருட்டுப்போன பாஸ்வேர்டைக் கொண்டு உள்ளே வந்திருக்கலாம் என்றது கம்பெனி. அந்த ரோபோக்களில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். நாங்கள் கேமரா இல்லாத லைடார் மாடலாகப் பார்த்து வாங்கினோம். உங்களிடம் கேமரா மாடல் இருந்தால் அதுக்கென்று தனி பாஸ்வேர்டு, கெஸ்ட் வைஃபை, குளியலறையும் பிள்ளைகள் உடை மாற்றும் அறையும் நோ-கோ. இது மூன்றும் இன்றைக்கே செய்யக்கூடியவை.

கோடையில் ஊருக்குப் போகிறவர்கள், கிளம்பும் முன் இரண்டு டேங்கையும் காலி பண்ணிக் காயவிட்டு, சார்ஜ் ஏற்றி, ஆஃப் பண்ணி வீட்டுக்குள்ளேயே வையுங்கள். இடமில்லை என்று கராஜில் வைக்காதீர்கள். ஜூலையில் இர்விங் கராஜ் என்ன சூடு கொதிக்கும் என்று தெரியும், லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. செத்த பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரியில் தீப்பிடிக்கும். ஹோம் டிப்போ, லோஸ் போன்ற கடைகளில் பேட்டரி வாங்கிக்கொள்ளப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

மகளுக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் தரையில் கிடக்கும் லெகோ, ஹேர் பேண்ட், சார்ஜர் வயர் எல்லாவற்றையும் பொறுக்கணும். முதல் வாரம் முணுமுணுத்தாள். ஒரு நாள் பொறுக்காமல் போனாள், அவளுடைய ஹேர் பேண்ட் பிரஷ்ஷில் சிக்கி அறுந்தது. சனிக்கிழமை நான் ரோபோவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் இப்போது அவளும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள், மூடியைக் கழற்றுவது அவள், கத்தரிக்கோல் நான். "உங்க முடி ஒண்ணுகூட இல்லப்பா" என்கிறாள். இருந்தால்தானே!

போன வாரம் மறுபடியும் ஃபிரிட்ஜில் தாள் ஒட்டினோம். 16 வரி. நான் 9, மகள் 5, மனைவி 2. நேற்று ராத்திரி அழுக்குத் தண்ணீர் டேங்கைக் கொட்ட மறந்துவிட்டேன், காலையில் ஹாலில் லேசாக வாடை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, டேங்கைத் தொடவும் இல்லை. காபியும் கையுமாக சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய்க் கொட்டினேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு தாள் ஒட்டிப் பாருங்கள். ரோபோ இல்லாவிட்டால் டிஷ்வாஷருக்கு ஒட்டுங்கள்.