பொன்னா, குரங்கா, கழுதையா?

தொரப்பள்ளி என்றால் 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர் என்று ஜி.கே. புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் எங்களுக்கு அது வாடகை கொஞ்சம் கம்மியான ஊர். எல்லையோரம் என்பதால் இங்கே வியாதிகளுக்குக்கூட இரண்டு மூன்று பெயர் உண்டு.

காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால் தமிழில் 'பொன்னுக்கு வீங்கி'. வைத்தியம், கழுத்தில் தங்கச் செயின். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அதுவே கன்னடத்தில் 'மங்கன பாவு', அதாவது குரங்கு வீக்கம்! காவிரி மாதிரி இதிலும் இரு மாநிலத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு ஊர்ப் பெரியவர்களிடம் கைவைத்தியங்களை எழுதி வாங்கினார்கள். அதில் இந்த வீக்கத்துக்கு மருந்து, கழுதையின் கடிவாளத்தை நோயாளிக்கு மாட்டி ஓடைக்கு நடத்திப் போவது. நாம் எவ்வளவோ கௌரவமானவர்கள்.

போன மாதம் என் அறை நண்பனுக்குக் கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. வீட்டுக்காரப் பாட்டி தன் மூணு சவரனைக் கழட்டி அவன் கழுத்தில் போட்டார். "புளிப்பு தொடாதே தம்பி. செயினோட வாசப்படி தாண்டினே, காலை ஒடிச்சிருவேன்!"

யோசித்தால், பாட்டி சொன்னதில் பாதி டாக்டர் சொல்வதுதான். வீங்குவது உமிழ்நீர்ச் சுரப்பி. புளிப்பு பட்டால் அது சுரந்து உயிர் போகிற மாதிரி வலிக்கும். வீக்கம் கண்டு ஐந்து நாள் வரை அடுத்தவருக்குத் தொற்றும். மூணு சவரனைப் பாதுகாக்கப் பாட்டி அவனைப் பூட்டி வைத்ததில் எங்கள் ஷிப்டே தப்பித்தது. வைரஸ் பத்து நாளில் தானாக வடிந்துவிடும். பெயர் மட்டும் செயினுக்கு, அயர்லாந்தில் கழுதைக்கு.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தடுப்பூசி போடாத, வயசுக்கு வந்த ஆண்களில் நாலைந்து பேரில் ஒருவருக்கு இந்த வைரஸ் கீழே இறங்கி விதைப்பையை வீங்க வைக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், மறுபடி காய்ச்சலோடு வரும். அடியோடு மலட்டுத்தன்மை அபூர்வம்தான். ஆனாலும் வெட்கப்பட்டுப் படுத்துக் கிடக்காதீர்கள். கடும் தலைவலி, வாந்தி, காது மந்தம் என்றாலும் சரி, நேரே டாக்டரிடம் ஓடுங்கள்.

அந்த வீக்கத்துக்குச் செயின் எங்கே போடுவது என்று எந்தப் பாட்டியும் சொல்லிவைக்கவில்லை.