முதுமையுற்ற பூனையும் நம் கடமையும்

எலிகளை ஒழித்து நம் இல்லத்து அரிசியைக் காத்த பூனை, முதுமையில் மிகுதியாக நீர் பருகி, அடிக்கடி சிறுநீர் கழித்து, உடல் மெலிகிறது. அதனைச் சந்தையில் விட்டுவருவோரும் நம்மிடையே உளர். இஃது அறமன்று என்பதே நம் கருத்து.

10 வயதைக் கடந்த பூனைகளிடம் சிறுநீரக நோய் மிகுதி. பழுதுற்ற சிறுநீரகம் மீண்டும் வளராது. எனினும், தக்க பராமரிப்பு அதன் வாழ்நாளை நீட்டிக்கும். வீடு நனைகிறதென்று நீரைக் குறைத்தல் தீங்காகும். தூய நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். கருவாட்டைத் தவிர்த்து, கால்நடை மருத்துவர் கூறும் உணவையே அளித்தல் நலம். நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாகும்.

வளர்ப்போர் விலங்கின் தேவைகளைப் பேண வேண்டுமென மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பணிக்கிறது. சட்டத்திற்கு அஞ்சியன்று, நன்றி கருதியே நாம் பேணுவோம். உழைத்து ஓய்ந்த உயிரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதை நம் பிள்ளைகள் கண்டுகொண்டிருக்கின்றனர்.