மருத்துவமனை அலுவலகத்தில் ஒரு பழகுநர் ஆண்டு

பட்டம் பெற்று வெளியேறும் மாணவ மாணவியரிடம் 'அடுத்து என்ன?' என்று வினவினால், ஆசிரியப் பயிற்சி, அரசுத் தேர்வு, வளைகுடாப் பயணம் என்னும் மூன்றனுள் ஒன்றே பெரும்பாலும் விடையாக வரும். மருத்துவமனை என்றாலோ மருத்துவரும் செவிலியருமே நம் நினைவுக்கு வருகின்றனர். நோயாளியின் பெயரைப் பதிவதிலிருந்து, அவர் வீடு திரும்பும் நாளில் கணக்கு முடிப்பது வரை, அங்கே பெரியதோர் அலுவலகம் ஓயாது இயங்குகிறது. அவ்வலுவலகத்திற்குப் பிழையின்றி எழுதவும் பொறுமையாகப் பேசவும் தெரிந்த பட்டதாரிகள் தேவை. தமிழ் பயின்றோருக்கு அங்கே இடமுண்டு என்பதை நாமும் அண்மைக்காலம் வரை எண்ணிப் பார்த்ததில்லை.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் தொழிற்சாலைகளை மனத்திற்கொண்டு பிறந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தமே பொறியியல் பயிலாத பட்டதாரிகளுக்கும் அதன் கதவைத் திறந்தது. பட்டதாரிப் பழகுநருக்குத் திங்கள்தோறும் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என 2019ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. ஆனால், பலரும் கவனியாத ஒரு செய்தி அச்சட்டத்தில் உண்டு. பழகுநர் என்பவர் கற்பவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்று அது கூறுகிறது. எனவே, தொழிலாளருக்குரிய சட்டப் பாதுகாப்புகள் பல அவருக்குக் கிட்டா. கற்பிப்பவர் ஒருவர் அருகிருந்தால் இது நன்மை. இல்லையேல், அவர் உரிமையற்ற வேலையாள் ஆகிவிடுகிறார். பயிற்சியின் பயன் முழுவதும் இந்த ஒன்றிலேயே தங்கியுள்ளது என்பது நம் கருத்து. இதனை நாம் நூலில் கற்கவில்லை; நம் மாணாக்கர் இருவரிடம் கற்றோம்.

முதலாமவர் நம் துறை மாணவி. தனியார் மருத்துவமனை ஒன்றின் அலுவலகத்தில் ஓராண்டுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது அவர்தம் வீட்டில் தயக்கம் இருந்தது. ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ள, ராத்திரி வேலையெல்லாம் இருக்குமே" என்றார். பகல் நேரம் மட்டுமே என்று மருத்துவமனை எழுதித் தந்த பின்னரே மாணவியின் அத்தா இசைந்தார். பெரியவரின் கேள்வி தவறன்று. நாம் கேட்டிருக்க வேண்டியதை அவர் கேட்டார்.

மாணவி அமர்த்தப்பட்டது மருத்துவ ஆவணப் பிரிவில். இரண்டாம் மாதத்தில் ஒரு பிழை நேர்ந்தது. பாத்திமா பீவி என்னும் பெயருடைய இருவர் ஒரே காலையில் வந்திருந்தனர். ஒருவருடைய கோப்பை மற்றவருக்காக எடுத்து அனுப்பிவிட்டார். வயது பொருந்தாமையைக் கண்ட செவிலியர் கோப்பைத் திருப்பியனுப்பியதால் தீங்கொன்றும் நிகழவில்லை. ஆயினும், தம் பயிற்சி அன்றோடு முடிந்தது என்றெண்ணி மாணவி கலங்கி நின்றார். பிரிவின் பொறுப்பாளரான அம்மையார் பலர் முன்னிலையில் ஒன்றும் கூறவில்லை. "சாப்பிட்டியாம்மா? சாப்பிட்டு வா, பேசுவோம்" என்றாராம். பிற்பகலில் அருகில் அமர்த்தி, அக்கோப்பு எவ்வாறு கைமாறியது என்பதைப் படிப்படியாக மாணவியின் வாயாலேயே சொல்லவைத்தார். பெயரும் எண்ணும் பார்த்தால் மட்டும் போதாது. தந்தை அல்லது கணவர் பெயரையும் வயதையும் நோயாளியின் வாயாலேயே கேட்டறிந்த பின்னரே கோப்பை எடுக்க வேண்டும் என்று மறுநாளே பிரிவு முழுமைக்கும் எழுதி ஒட்டப்பட்டது. எழுதும் பொறுப்பை அம்மையார் அம்மாணவியிடமே ஒப்படைத்தார்!

அதன் பின்னர் பெயர்களின்மீது அவர் வைத்த கண் அகலவில்லை. நம் மக்களின் பெயர்கள் ஏட்டில் படும் பாட்டை வாசகர் அறிவர். குடும்ப அட்டையில் 'சேக் முகமது', ஆதாரில் 'ஷேக் முஹம்மத்', வங்கி ஏட்டில் தலைப்பெழுத்து இடம் மாறியிருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அறுவைக்கு முன் அனுமதி பெற விண்ணப்பிக்கும்போது இவ்வேறுபாடு பெருந்தடையாக வந்து நிற்கும். வலியோடு கிடப்பவரின் உறவினர், எழுத்தொன்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். மாணவி, நோயாளி வந்து சேரும் நாளிலேயே ஆவணங்களை ஒப்பிட்டு, வேறுபாட்டை உறவினருக்குச் சொல்லத் தொடங்கினார். பிறப்புப் பதிவிலும் அவ்வாறே. மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையின் விவரத்தை 21 நாள்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிப்பது நிருவாகத்தின் கடமை. பெற்றோர் பெயரை எழுதிக் காட்டி, படித்துக் காட்டி, அவர்கள் ஒப்பிய பின்னரே அவர் அனுப்பினார். ழகர ளகரமும் ஒற்றுப்பிழையும் என்று வகுப்பறையில் நாம் நடத்திய பாடம் அங்கே ஒரு குழந்தையின் வாழ்நாள் ஆவணத்திற்குக் காவலாயிற்று. இலக்கணம் எதற்கு என்று கேட்கும் முதலாண்டு மாணாக்கருக்கு இனி நம்மிடம் ஒரு விடை உண்டு.

இரண்டாமவர் ஒரு மாணவர், வேறொரு மருத்துவமனை. உதவித்தொகை சற்று மிகுதி, கட்டடமும் பெரிது. அங்கே அவர் ஏழு மாதம் நகலெடுத்தார். தேநீர் வாங்கி வந்தார். வரிசையில் நின்றவர்களை ஒழுங்குபடுத்தினார். கணினிப் பதிவைத் தொடவும் அவரை விடவில்லை. ஐயம் கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்பதே மறுமொழி. எட்டாம் மாதம் அவர் நின்றுவிட்டார். 'நம் பையன்களுக்குப் பொறுமையில்லை' என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். அப்பேச்சில் நாமும் இருந்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறோம். அம்மருத்துவமனைக்கு ஒருமுறையேனும் சென்று பார்க்காமல் அவருடைய தாளில் பரிந்துரைக் கையொப்பம் இட்டவர்களும் நாமே.

பயிற்சி தரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் தொகையையும் கட்டடத்தையும் கேட்பதற்கு முன், யார் கற்பிப்பார் என்று கல்லூரி கேட்க வேண்டும். அவர் பெயர், அவர் ஒதுக்கும் நேரம், மாணாக்கர் எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் இருப்பார் என்பன எழுத்தில் வர வேண்டும். ஆசிரியர் ஒருவர் இரு திங்களுக்கு ஒருமுறை நேரில் சென்று வருதல் வேண்டும். பேருந்துச் செலவுக்கு நிருவாகம் வழி செய்யுமாயின் நன்று, செய்யாவிடினும் செல்வோம். நம் சமுதாயத்தில் மருத்துவமனை நடத்துவோர் பலர் உளர். அவர்கள் இம்மலருக்கு விளம்பரம் தருகின்றனர், நன்றி. பயிலுநர் ஒருவரை அருகில் அமர்த்திச் சொல்லித்தரும் பணியாளர் ஒருவரையும் அவர்கள் தருவார்களாயின் அது இன்னும் பெரிய உதவி.

அம்மாணவியின் அத்தாவை அண்மையில் ஒரு திருமண வீட்டில் சந்தித்தோம். தம் தெருக்காரர் ஒருவர் அம்மருத்துவமனைக்கு வந்து சென்றதை அறிந்து, "அவருக்கு என்னவாம்மா?" என்று மகளிடம் கேட்டாராம். "அத்தா, அது அமானிதம். கேக்காதீங்க" என்று மகள் எழுந்து போய்விட்டாராம். குறை சொல்வதுபோல் தொடங்கியவர், முடிக்கையில் சிரித்துவிட்டார்.